எண்ணிக்கை கூடினால் ஏன் பதறுகிறீர்கள்?

"நம் மாவட்டத்தில் டி.பி. கூடிவிட்டது" என்று ஒரு செய்தி வந்தால் போதும், தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்குச் சுகாதாரத் துறையைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கோ எண்ணிக்கை குறைந்தால்தான் பயம்.

2019இல் நாடு முழுவதும் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். மறு ஆண்டே அது 18 லட்சமாக இறங்கியது. கிருமி ஊரடங்குக்கு அடங்கி வீட்டில் இருந்ததா என்ன? பஸ் ஓடவில்லை, ஆய்வகங்கள் கொரோனாவுக்குத் திரும்பின, இருமுகிறவர்கள் வெளியே தலைகாட்டவே அஞ்சினார்கள். நோய் இருந்த இடத்தில் இருந்தது, தேடுவதைத்தான் நிறுத்தினோம். 2023இல் பதிவு 25 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், புதிதாக நோய் வருகிறவர்கள் 2015இல் லட்சம் பேருக்கு 237, 2023இல் 195. கணக்கில் வராமலே போனவர்கள் 15 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சமாகக் குறைந்திருக்கிறார்கள். தனியார் மருத்துவர்களும் தகவல் தர வேண்டும் என்று 2012இல் வந்த ஆணைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. (2025க்குள் ஒழித்துவிடுவோம் என்ற முழக்கத்தை இப்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.)

என்னை உறுத்துவது வேறொரு எண். 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் மருத்துவரிடம் போகவே இல்லை. நோய் உறுதியானவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டவர்கள்.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா? அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் நெல் தூசி என்பார், பீடி என்பார். களையெடுக்கப் போகும் பெண் மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு மறுநாளும் வயலில் இறங்குவாள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், தாம்பூலம் மாற்றும்வரை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். காசநோயாளிகளைத் தங்கவைக்கும் செங்கிப்பட்டி சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பழைய பயம் கிழவர்களிடம் இன்னும் இருக்கிறது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று சென்னையில் நடந்த ஆய்வு நிரூபித்தது 1959இல்!

நம் காசநோய்ப் பரிசோதனை முகாம்களோ காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கின்றன. நடவு நாளில் அந்த நேரத்துக்கு ஊரில் இருப்பது என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள்தான். எங்களுக்கே திரும்பத் திரும்பப் படம் எடுத்து என்ன பயன்? கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. ஆட்கள் கரையேறும் பிற்பகலில் அதைத் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த கிராம சபையில் நேரத்தை மாற்றக் கேட்டு மனு கொடுக்கப் போகிறேன், கையெழுத்துப் போட ஆள் வேண்டும். ஆலை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பரிசோதனைக்குப் போய் வருகிறவரின் அரைநாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.