அந்தப் பிள்ளை நன்றி கெட்டவள் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும். படமும் வாட்சாப்பில் ரெண்டு சுற்று சுற்றி வந்துவிட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: டிப்ளோமாவில் வீடியோ எடிட்டிங் படிக்கிற ஒரு பிள்ளைக்கு தானமாக லேப்டாப் கொடுத்தார்கள், அது தன் வேலைக்கு ஆகாது என்று அவள் சொல்லிவிட்டாள். நாலு நாளாக அந்தப் பிள்ளையைப் பற்றி வருகிற கமெண்டுகளைப் படித்து வயிறு எரிகிறது, அதற்காகத்தான் இது.

"கொடுத்ததை வாங்கிக்கொண்டு குறை சொல்கிறாள், என்ன திமிர்!" அவள் சொன்னது ஒரே ஒரு வரி. "அங்கிள், இதுல எடிட்டிங் சாஃப்ட்வேர் ஓடாது." இதில் திமிர் எங்கே இருக்கிறது? அவள் சொன்னது உண்மை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பதை யாராவது படித்தீர்களா? செலரான் என்4020 சிப், 4 ஜிபி ரேம், ஃபைல் வைக்க 64 ஜிபி இஎம்எம்சி. என்4020 ரெண்டே ரெண்டு கோர் உள்ள, 6 வாட் சிப். கட்டுரை அடிக்கலாம், இணைய வகுப்பில் உட்காரலாம். அதற்கென்று செய்தது, அதில் குற்றமில்லை. ஆனால் கனமான கணக்கை வேகமாகப் போட உதவும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் அதில் கிடையவே கிடையாது. பிரீமியர் புரோ என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இப்போதைய பதிப்புகளுக்கு ஏவிஎக்ஸ்2 கட்டாயம். மெதுவாக ஓடும், பொறுத்துப் போகலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

"ரேம் கூட்டிக்கொடுக்கலாமே?" அந்த சிப் தாங்குவதே அதிகபட்சம் 8 ஜிபி. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் ரேமும் இஎம்எம்சியும் போர்டோடு ஒட்டிப் பற்றவைத்தது, அடிமூடியைக் கழற்றினால் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. 64 ஜிபி என்பது விண்டோஸ் 11 தன் பிழைப்புக்குக் கேட்கிற குறைந்தபட்சம். மிச்ச இடத்தில் அவள் எதை வைப்பாள்? ஐஃபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. தைப்பூசத்துக்கு ரெண்டு மணி நேரம் எடுத்தாள் என்று வையுங்கள். 30 ஃபிரேமிலேயே 20 ஜிபி தாண்டும், 60 என்றால் 48 ஜிபி. கல்யாண வேலை ஒன்று வந்தால் கணக்கே போட வேண்டாம்.

வாங்கப் போகுமுன் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "எதில் எடுத்த வீடியோவை, எந்த சாஃப்ட்வேரில் வெட்டப் போறம்மா?" கேட்கவில்லை. பேனர் அடிக்க நேரம் இருந்தது.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், மற்ற எல்லாமே அதன் பதிலில்தான் நிற்கிறது. ஃபோனும் கேமராவும் பெரும்பாலும் எச்.265 மாதிரியான முறையில் வீடியோவைச் சுருக்கித்தான் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. ஒன்று முழுசு, அடுத்தடுத்து மாறியது மட்டும். பார்ப்பதற்கு இது போதும். வெட்டுகிறவர் டைம்லைனில் நடுவே தாவும்போது, சிப் பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். அதற்கென்று தனி டிகோடர் (சுருக்கியதைப் பிரிக்கும் பகுதி) இல்லாத, அல்லது மற்ற வேலைக்குத் தெம்பில்லாத மெஷினில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சத்தம் ஓடும், படம் நிற்கும். கெட்டிமேளம் கொட்டி முடிந்திருக்கும், திரையில் மாப்பிள்ளை இன்னும் தட்டிலிருந்து தாலியை எடுத்திருக்க மாட்டார்.

கல்லூரி கேமராவில் 10-பிட் 4:2:2, அதாவது நிற விவரம் கூடுதலாக உள்ள வீடியோ, எடுக்கிறாள் என்றால் விஷயம் இன்னும் நுணுக்கம். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வருகிற உள்கிராஃபிக்ஸ் அந்த வகை எச்.265-ஐ ஹார்ட்வேரிலேயே பிரிக்கும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. அதனால் ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட, இன்டெல் அல்லாத ரைசன் சிப் லேப்டாப் ஒன்று கேமில் பறக்கும், இந்த ஃபைலில் திக்கும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கீபோர்டில் ஏழு கலர் எரிவதைக் காட்டுவார்கள்.

"ஐ7 இருக்கு அண்ணே, வேற என்ன வேணும்?" இதைக் கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. போன மாதம் ஒரு தம்பி தூக்கிக்கொண்டு வந்தது நாலாம் தலைமுறை ஐ7. 2013-இல் வந்த சிப். எச்.265 டிகோடர் இல்லை. விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்தியது. ஐ7 என்ற ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். எச் என்றால் அதிக வாட் வாங்கி உழைக்கும், யு என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும். எச் போட்ட ஐ5, யு போட்ட ஐ7-ஐ எக்ஸ்போர்ட்டில் (வெட்டி முடித்ததை ஒரே வீடியோவாக எடுப்பதில்) முந்துவதும் உண்டு.

புதுசாக வாங்கினால்: எச் வகை இன்டெல், 16 ஜிபி ரேம் ரெண்டு துண்டாக, கிராஃபிக்ஸ் மெமரி 6 ஜிபி, இன்னொரு எஸ்எஸ்டி போட காலி எம்.2 ஸ்லாட். டாவின்சி என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரியை வைத்துக்கொண்டு 4கே-யில் நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது) போட்டால் மெமரி நிரம்பிவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். திரையின் நிற அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் தொடாதீர்கள். பட்டுப்புடவையின் சிவப்பு அதில் செங்கல் மாதிரி தெரியும். பிள்ளை அதைச் சரிசெய்கிறேன் என்று ஏற்றி ஏற்றி, கடைசியில் மணப்பெண் வீட்டு டிவியில் ரத்தச் சிவப்பாக நிற்கும். சுமார் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி கேளுங்கள்.

காசு இல்லையா? சரி. கம்பெனிகள் கழித்துவிடும் 11-ஆம் தலைமுறை ஐ5 பிசினஸ் லேப்டாப், ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து, ரேமை 16 ஆக்கினால் 1080பி வேலை நடக்கும். 4கே வந்தால் பிராக்ஸி: டாவின்சியில் மீடியா பூலில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து பிராக்ஸி உருவாக்கச் சொன்னால், சின்ன நகல் எடுத்துக்கொள்ளும். வெட்டுவது நகலில், எக்ஸ்போர்ட் மூலத்தில். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஃபோன் வீடியோவில் சத்தம் உதட்டோடு ஒட்டாமல் விலகிக்கொண்டே போனால் அது லேப்டாப் குற்றமில்லை. ஃபோன் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கிறது. ஹேண்ட்பிரேக் என்கிற சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் (மாறாத ஃபிரேம் வேகம்) கொடுத்து மாற்றிவிட்டு வெட்ட வேண்டும்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் ரெண்டு மணிக்கு எக்ஸ்போர்ட் போட்டால் எந்த மெஷினும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மெத்தையில் வைக்காதீர்கள், காற்று இழுக்கும் ஓட்டை அடியில் இருக்கிறது. பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். சார்ஜரைச் செருகியே எக்ஸ்போர்ட் போடவேண்டும், பேட்டரியில் கிராஃபிக்ஸ் பாதி தூக்கத்தில் இருக்கும். இடி மழை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

"மேக் வாங்கிக் கொடுங்க" என்கிற கூட்டம் ஒன்று எப்போதும் வரும். நல்ல மெஷின்தான், மறுக்கவில்லை. ரேம் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே 16. நீங்கள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், முகவரி தருகிறேன்.

"ஃபோனிலேயே கேப்கட்டில் பண்ணலாமே?" பண்ணலாம். டிப்ளோமா பாடத்தில் நாலு டிராக் ஆடியோவும் கலர் கிரேடிங்கும் கேட்கிற விரிவுரையாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" ஒரு பெரியவர் எழுதியிருந்தார், நூற்றுச் சொச்சம் லைக். ஐயா, பல்லை யாரும் பார்க்கவில்லை. உழவுக்கு மாடு வேண்டும் என்று நின்றவளிடம் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டு, உழவில்லையே என்று திட்டுகிறோம்.

எனக்கும் கிடைத்தது. "ரிப்பேர் கடைக்காரன் விலை கூடினதைத்தான் சொல்வான்." நான் லேப்டாப் விற்பதில்லை, கழற்றிப் பூட்டுகிறவன். ஆகாத மெஷின் வாங்கினால்தான் எனக்குக் கூடுதல் வரும்படி. இது புரியாமல் எழுதினாரா, புரிந்தே எழுதினாரா தெரியவில்லை. பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்த வீட்டில் ஒரு லேப்டாப் என்பது ரெண்டு மாச அரிசி, வாடகை, மோட்டார் தவணை எல்லாம் சேர்ந்தது. இருந்தும் அவள் வாயைத் திறந்து சொன்னாள். பேசாமல் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்திருந்தால் எல்லாரும் "தங்கமான பிள்ளை" என்றிருப்பீர்கள். டாக்டருக்குப் படிக்கிற பையன் "இந்தப் புத்தகம் என் பாடத்துக்கு இல்லை" என்றால் ஓடிப்போய் மாற்றித் தருகிற ஊர் இது. வீடியோ வெட்டுகிற பெண் சொன்னால் திமிர். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை மட்டும் மறுநாளே கேட்பீர்கள்.

மெஷினைப் பெட்டியோடு நேற்று என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. வாங்கிய கடையில் பேசினேன். பத்து நாளுக்குள் ரசீதோடு வந்தால், மேலே காசு போட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மேலே போடும் காசுக்கு மூன்று பேர் ஒப்புக்கொண்டாயிற்று. ரசீது ஏற்பாட்டாளர்களில் யாரிடமோ இருக்கிறது. கமெண்டில் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் ரசீதை மட்டும் ஒரு படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுங்கள்.