14 வயதுப் பூனை திடீரென்று தள்ளாடினால் காரணம் வயதல்ல

முந்தாநாள் நான் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும், மறுபடி முழுசாகச் சொல்லப் போவதில்லை. முதல் நாள் ராத்திரி வரை ஜன்னல் திட்டில் ஏறிப் படுத்திருந்த 14 வயதுப் பூனை, காலையில் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. அந்த வீட்டுப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததால்தான் அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கத்தில் போட்டேன். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே பதில்: வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இனிமேல் அதைக் கஷ்டப்படுத்தாதீங்க, ஊசி போட்டு அனுப்பிவிடுங்க என்று எழுதியிருந்தார்கள். கண் எப்படி இருக்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பின்னங்கால் சூடாக இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு நாளாக மனசே ஆறவில்லை.

முதுமை ஒரே ராத்திரியில் வருவதில்லை. இதை மட்டும் யாராவது மறுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அது மெல்ல மெல்லத்தான் வரும். ஒரே தாவலில் அலமாரி ஏறிய பூனை நடுவில் நாற்காலியில் நின்று ஏறும், அப்புறம் ஏறுவதையே விட்டுவிடும், முதுகு மயிரை நக்கிச் சுத்தம் செய்வது குறையும். 12 வயதுக்கு மேற்பட்ட பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்திருக்கிறது. அதுவும் வலிக்கிற நோய்தான், அதற்கும் மருந்து இருக்கிறது. நேற்று நன்றாக நடந்த பூனை இன்று நடக்கவில்லை என்றால் உடம்புக்குள் ஏதோ ஒன்று நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நடந்திருக்கிறது. அது என்னவென்று பார்க்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கருப்பியைப் பழைய நண்பர்களுக்குத் தெரியும். 15 வயதில் ஒரு விடிகாலை அவளைச் சுவரோரமாகப் பார்த்தோம், உடம்பைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள், தலை வலது பக்கம் திரும்பிச் சாய்ந்திருந்தது. கூப்பிட்டதும் வர முயன்றாள், இரண்டடி வைத்ததும் வலது பக்கமாகவே உருண்டாள். எனக்கு அடிவயிறு கலங்கியது அவள் கண்ணைப் பார்த்தபோதுதான். கருவிழி இரண்டும் இடமும் வலமுமாக நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. வாயிலிருந்து எச்சில் வழிந்தது, கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். பக்கவாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அன்றைக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முடிஞ்சு போச்சு, விடுங்க என்றார். நாங்கள் விடவில்லை.

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்தார். உட்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு ஒன்று இருக்கிறது, அதில் கோளாறு வந்தால் இப்படித்தான் ஆகும், வெஸ்டிபுலர் என்பார்கள் என்று விளக்கினார். காதுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், பல நேரம் காரணமே பிடிபடாமலும் வரும். காரணம் பிடிபடாமல் வருகிற வகைதான் பெரும்பாலும் தானாகச் சரியாவது: ஓரிரு நாளில் கண் துடிப்பு அடங்கத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் நடை திரும்பிவிடும், தலைச் சாய்வு மட்டும் சிலவற்றுக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கருப்பிக்கும் அப்படியே. குமட்டலுக்கு மருந்து கொடுத்தார்கள். மேலே ஏற விடாமல் தரையில் மெத்தை போட்டு, வழுக்காமல் இருக்க விரிப்பு விரித்து, விளிம்பு தாழ்ந்த மணல் தட்டை பக்கத்திலேயே வைத்து, சாப்பாட்டை வாய்க்கு நேராகப் பிடித்து ஊட்டினோம். தூக்கினால் அவளுக்கு உலகமே சுற்றும்போல, நகங்களை விரித்துச் சட்டையைப் பற்றிக்கொள்வாள், அதனால் தூக்கவேண்டி வந்தால் உடம்பை நம் மார்போடு அணைத்துத்தான் தூக்குவோம். அதற்குப் பிறகும் நெடுநாள் வாழ்ந்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அந்த மனிதர் பேச்சைக் கேட்டிருந்தால்? இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எல்லாப் பூனைக்கும் இதே நோய் என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். வயதான பூனைக்கு ரத்த அழுத்தம் ஏறும், பெரும்பாலும் கிட்னி கெட்டதாலோ தைராய்டு அதிகமானதாலோ. மேல் அளவு 160-ஐத் தாண்டினாலே அதிகம், 180-க்கு மேல் போனால் கண்ணையும் மூளையையும் எந்நேரமும் தாக்கலாம். விழித்திரை பிய்ந்து ஒரே ராத்திரியில் பார்வை போய்விடும், கண்பாப்பா அகலமாக விரிந்தே நிற்கும், பூனை சுவரை ஒட்டி ஒட்டி நடக்கும், நாம் தள்ளாடுகிறது என்போம். ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கும் அம்லோடிபின் மனிதர்களுக்கும் கொடுக்கிற மருந்துதான். பூனைக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் இருப்பதை ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள். கிட்னி கெட்டுப் பொட்டாசியம் குறைந்தால் கழுத்தைத் தூக்க முடியாமல் தலை தொங்கும். சர்க்கரை நோய் முற்றினால் பின்னங்காலில் பாதம் முழுவதும் தரையில் படிய நடக்கும். இத்தனையும் ஒரு ரத்தப் பரிசோதனையில், ஒரு பிரஷர் கருவியில் தெரியக்கூடியவை. வீடியோவில் தெரியாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னங்கால் இரண்டும் திடீரென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சில்லென்று, பாத மெத்தை வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்து, பூனை வலி தாங்காமல் அலறினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். இதயத்தில் உருவான ரத்தக்கட்டி போய்ப் பின்னங்காலுக்குப் பிரியும் பெரிய ரத்தக்குழாயை அடைத்திருக்கும். அது மிக மோசமானது, பல பூனைகள் பிழைப்பதில்லை. அந்த இடத்தில் மருத்துவர் பார்த்துவிட்டு அமைதியாக அனுப்பிவிடலாம் என்று சொன்னால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். பார்த்த பிறகு சொல்வதற்கும் பார்க்காமலேயே சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

இப்போது வரப்போகிற பதில்களும் எனக்குத் தெரியும். நீ என்ன டாக்டரா என்பீர்கள். இல்லை. அதனால்தான் டாக்டரிடம் போங்கள் என்கிறேன். பார்க்காமலேயே முடிவு சொன்னவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே?

எல்லோருக்கும் செலவு செய்ய வசதி இருக்கிறதா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எல்லாப் பரிசோதனையும் எல்லோராலும் முடியாது, ஸ்கேன் எல்லாம் பலருக்கு எட்டாத தூரம். ஆனால் மருத்துவர் ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பது, காது, கண், இதயம், பிரஷர், அடுத்ததாக ரத்தம், இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். உடனே போக முடியாவிட்டால் கண் துடிப்பையும் நடையையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு பக்கவாட்டில் இருக்கிறதா மேலும் கீழுமா என்பதே அவர்களுக்குப் பெரிய தடயம், மேலும் கீழுமாக இருந்தால் கோளாறு மூளையில் இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள். போய்ச் சேரும்போது அந்தத் துடிப்பு நின்றிருக்கலாம், வீடியோ இருக்கும். பணமில்லை என்று ஒருவர் சொன்னால் நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். பணமும் இருந்து, மனசும் இருந்து, பதறிப்போய் உதவி கேட்கிற பெண்ணிடம் போய் விட்டுவிடு என்று சொல்வதைத்தான் குறை சொல்கிறேன்.

பூனைக்கு இவ்வளவா என்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

கருணையால்தான் அப்படிச் சொன்னோம் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதினார், அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உடனே எங்கள் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது, வீடே சுழல்கிறது என்று நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும், பேசாம படுத்துக்கோங்க. அவரும் பேசாமல் படுத்துக்கொண்டார், எழுந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் குளிக்கப் போவதையே குறைத்துக்கொண்டார். கடைசியில் என் சித்திதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனார். உட்காதில் இருக்கிற நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சொல்லி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, மெல்ல மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தார் மருத்துவர். மாத்திரைகூட இல்லை. அந்தச் சுற்றல் போய்விட்டது. அத்தனை நாள் அவர் படுத்துக் கிடந்ததற்கு யார் பொறுப்பு? வயதானவர் எதைச் சொன்னாலும் நாம் பாதிதான் காதில் வாங்குகிறோம், அது மனிதராக இருந்தாலும் பூனையாக இருந்தாலும். பாட்டியாவது வாய் திறந்து சொன்னார். பூனை அதையும் சொல்லாது, வலித்தால் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாமல் இருக்கும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி ஆபத்தாகிவிடும். பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியுமா?

அப்புறம் அந்த மாத்திரை விஷயம். வலியாக இருக்கும், பாராசிட்டமால் கால் மாத்திரை கரைத்துக் கொடுங்க என்று அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் இன்றைக்கே அதை நீக்கிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பூனையின் ஈரலால் பாராசிட்டமாலை நம்மைப்போல உடைத்து வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும், ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடலாம். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும், தள்ளாட்டம் கூட அதனாலேயே வந்திருக்கலாம். சமீபத்தில் பூனைக்கு என்ன மருந்து போட்டீர்கள், வீட்டு நாய்க்கு என்ன தடவினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாராசிட்டமால் யோசனையைப் படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இந்தப் பதிவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்புங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.