கடல் மட்டும் காரணமில்லை
கடலோர ஊற்றுகள் உப்பாவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; கடல்மட்ட உயர்வுதான் காரணம் என்கிறது அது. பாதிதான் சரி. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி வற்றினால் அடியில் உப்பு 40 அடி ஏறிவிடும். ஊரெல்லாம் போர்வெல் போட்டு உறிஞ்சினால் கேட்கவா வேண்டும்!

எனக்குக் காரைக்குடி. சின்ன வயதில் தொண்டியில் சித்தி வீட்டுக்குப் போனால், மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடிப்போம். இப்போது அதை வாயில் வைக்க முடியவில்லை. அங்கே முதலில் அடங்கியது தவளைச் சத்தம்தான். பெரும்பாலான தவளைகளின் முட்டையும் தலைப்பிரட்டையும் உப்பைத் தாங்காது. அந்தக் கட்டுரையோ உப்பால் மீனுக்கு வரும் பாதிப்பைச் சொன்னதோடு நிறுத்திவிட்டது. சித்தி இன்றும் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துத்தான் பருப்பு வேகவைக்கிறார்.