பதவியா, வாக்கா? ஆஷ்லி பிரபு எடுத்த முடிவு

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிரபு குடும்பத்திலிருந்து வந்த எம்.பி.க்கள் ஏராளம். அவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஆஷ்லி பிரபு, பின்னாளில் ‘ஷாஃப்ட்ஸ்பரியின் ஏழாவது ஏர்ல்’ என்ற பிரபுப் பட்டம் பெற்றவர். எல்லோரும் அவருடைய தொழிற்சாலைச் சட்டங்களைச் சொல்வார்கள். நான் 1846 ஜனவரியில் அவர் எடுத்த முடிவைச் சொல்வேன்.

1826ல் பழமைவாத டோரி கட்சி எம்.பி.யாக நாடாளுமன்றம் போனவர், 1833ல் பத்து மணி நேர வேலை மசோதாவை, அதாவது ஆலைப் பிள்ளைகளிடம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற மசோதாவை, கையில் எடுத்தார். 1841ல் பிரதமர் பீல் அவருக்கு அரண்மனையில் ஒரு பதவி தர முன்வந்தார். பத்து மணி நேரக் கோரிக்கையை பீல் ஆதரிக்கவில்லை என்பதால் ஆஷ்லி அதை ஏற்கவில்லை. அடுத்த வருடமே நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. இடுப்பில் சங்கிலி கட்டி, தவழ்ந்தபடி கரி வண்டி இழுக்கும் பிள்ளைகளின் படங்கள் அதில் இருந்தன. நாடே அதிர்ந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தை 1842லேயே நிறைவேற்ற வைத்தார்.

சரி, 1846க்கு வருவோம். தானிய இறக்குமதி வரியைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் அவருடைய தொகுதியான டார்செட்டின் விவசாயிகளும் நிலக்கிழார்களும் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவருக்கோ அந்த வரி போயே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஓட்டுப் போட்டவர்களுக்கு எதிராக அவர்கள் தந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே வாக்களிப்பது நேர்மையில்லை என்று எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். பத்து மணி நேர மசோதாவை மறுபடி சபையில் வைத்ததும் அதே மாதம்தான். பொறுப்பு இன்னொரு எம்.பி.யான ஜான் ஃபீல்டனிடம் போனது. 1847ல் சட்டம் நிறைவேறியபோது ஆஷ்லி சபையிலேயே இல்லை. வாழ்நாள் உழைப்பின் பலன் வரும் நேரத்தில் இப்படி வெளியே போக எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவரிடம் எனக்கு ஏற்க முடியாததும் இங்கேதான் இருக்கிறது. வாக்காளருக்கு இவ்வளவு மரியாதை தந்தவர், ஆலைத் தொழிலாளிக்கு ஓட்டுரிமை தருவதை எதிர்த்தார். ஓட்டுரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தத்துக்கு எதிராக நின்றார், அதை மேலும் விரிவாக்கிய 1867லும் மாறவில்லை. தொழிலாளி மேல் அவருக்கு இரக்கம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆலைப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஓட்டு இருந்திருந்தால், பத்து மணி நேரத்துக்காக 14 வருடம் காத்திருக்க வேண்டி வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.