ஒல்லாந்தர் காலத்துக் கோட்டைப் 'புகைப்படம்'

"1780ல் ஒல்லாந்தர் எடுத்த மட்டக்களப்புக் கோட்டைப் புகைப்படம். அரிய படம், பகிருங்கள்!" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. தகவல் பிழையானது.

கோட்டை ஒல்லாந்தரிடம் இருந்தது உண்மைதான். 1638ல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள், 1795ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஆனால் புகைப்படக்கலை முன்னோடியான பிரெஞ்சுக்காரர் டாகர் தன் படம்பிடிக்கும் முறையை பாரிஸில் வெளியிட்டதே 1839ல். அதற்கு முந்திய, இன்னொரு பிரெஞ்சுக்காரரான நியெப்ஸின் முயற்சியில் ஒரு படம் பதியவே பல மணி நேரம் பிடித்தது. இந்தப் படத்திலோ ஆட்கள் துப்பாக்கியோடு தெளிவாக நிற்கிறார்கள்! பழுப்பு நிறம் பழமைக்குச் சாட்சி இல்லை. அதைப் போடத்தான் போனிலேயே வசதி இருக்கிறதே.

இலங்கையின் பெயர்பெற்ற பழைய படங்கள் ஆங்கிலேயர் காலத்தவை. ஜோசப் லோட்டன் பொலநறுவை, சிகிரியாவைப் படம்பிடித்தது 1870களில். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் இங்கே குடிவந்தது 1875ல்.

ஒல்லாந்தர் காலக் கோட்டையைப் பார்க்க ஆசையா? நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் அக்கால வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். கையால் வரைந்தவைதான். படம் எங்கிருந்து வந்தது என்றறிய கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர்கள் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.