திருமுழுக்குத் தேதியை மண்டபம் முடிவு செய்யக் கூடாது

தம்பி வீட்டில் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. நேற்று தொலைபேசியில் பேசும்போது, ஞானஸ்நானத்துக்கு, அதாவது திருமுழுக்குக்கு, எந்த மண்டபம் எடுக்கலாம், எத்தனை இலை சொல்லலாம், ஃபிளெக்ஸில் யார் யார் படம் போடலாம் என்று வரிசையாகக் கேட்டான். எந்த ஞாயிற்றுக்கிழமை, ஞானத்தாய் (குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணை நிற்பவர்) யார் என்ற பேச்சு கடைசிவரை வரவேயில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகனுக்கு நானும் இதே வரிசையில்தான் திட்டமிட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனருக்கு விடுப்பு கிடைக்க வேண்டும், அந்த விடுப்புக்குள் மண்டபம் காலியாக இருக்க வேண்டும் என்று காத்திருந்ததில், என் மகனுக்குப் பதினொரு மாதம் முடிந்த பிறகே திருமுழுக்கு நடந்தது. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெறுவதைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று 1983ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867ஆம் எண் சொல்கிறது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் தம் கையாலேயே திருமுழுக்குக் கொடுத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கடற்கரையில் பிறந்த நாங்கள், மண்டபச் சாவிக்காக ஒரு குழந்தையைப் பதினொரு மாதம் காக்க வைத்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அன்று நடந்த ஒரு காட்சியை என்னால் மறக்க முடியாது. மகனுக்குக் கோட்டும் சூட்டுமாக வெள்ளை சாட்டின் உடை வாங்கி, கழுத்தில் போ டையும் மாட்டி, கலையாமல் இருக்க ஊக்குகள் குத்தியிருந்தோம். நீர் ஊற்றுவதற்கு முன் குழந்தையின் மார்பில் எண்ணெய் பூச வேண்டும் என்பது எங்களுக்கு நினைவிலேயே இல்லை. பங்குத்தந்தை எண்ணெய் தொட்ட கட்டைவிரலோடு காத்து நிற்க, நான்கு பேர் சேர்ந்து ஊக்குகளைக் கழற்ற, குழந்தை வீறிட்டு அழுதான். பிறகு உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் புனித தைலம் பூசி, வெண்ணாடை அணிவிக்கும் நேரம் வந்தது. புதுப் பிறப்பின் அடையாளமாக அப்போதுதான் அணிவிக்க வேண்டிய வெள்ளையைக் காலையிலேயே போட்டுவிட்டிருந்ததால், மேலே ஒரு துண்டை வைத்து எடுத்தார்கள். சடங்கு முறையை ஒரு முறையாவது முன்கூட்டிப் படித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

சென்ற ஆண்டு மகள் பிறந்தபோது முதலில் பங்கு (எங்கள் பகுதிக் கோவில்) அலுவலகத்துக்குத்தான் போனேன். எங்கள் பங்கில் தவக்காலத்தில் திருமுழுக்குக் கொடுப்பதில்லை என்பதால், அது தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறாகப் பார்த்து நாள் குறித்தோம். அப்போது அவளுக்கு ஐந்து வாரம். அம்மா தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தால் மார்பு தெரியும். வெண்ணாடையைத் தனியாக மடித்துப் பையில் எடுத்துச் சென்றோம். குளிர் இருந்தால் நீரை முன்பே சூடாக்கிக்கொள்ளலாம் என்று சடங்கு நூலின் முன்னுரையே அனுமதிக்கிறது. கேட்டவுடன் கோவில் பணிகளைப் பார்க்கும் கோவில் பிள்ளை இளஞ்சூட்டு நீர் கொண்டுவந்தார். பால் குடித்து அரை மணி நேரம் ஆகியிருந்ததால் நீர் ஊற்றியபோதும் மகள் சிணுங்கியதோடு சரி.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்து யோசிக்க வேண்டியது ஞானப்பெற்றோரைத்தான். சங்கிலி போடுவார், செலவில் பங்கெடுப்பார், கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பவை காரணங்களே அல்ல. பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக, நற்கருணையும், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்கும் பெற்ற கத்தோலிக்கராக, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும் என்று அதே சட்டத் தொகுப்பின் 874ஆம் எண் சொல்கிறது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நம் குடும்பங்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் கத்தோலிக்கரல்லாத சபை உறவினர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல், கடைசி நேரத்தில் மனக்கசப்பு உண்டாகிறது. முதல் வாரத்திலேயே ஃபாதரிடம் கேட்டுவிட்டால் யாரும் வருந்த வேண்டியதில்லை. மகளுக்கு ஞானத்தாயாக, எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழு) வாரந்தோறும் செபம் நடத்தும் பக்கத்துத் தெரு அக்காவைக் கேட்டோம். நெருங்கிய சொந்தத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு, சொல்லாமலே வந்து அவளை மடியில் வைத்துச் செபமாலை சொன்னவர் அந்த அக்காதான்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், ஞானப்பெற்றோர் வேறு பங்கினர் என்றால் அந்தப் பங்குத்தந்தையின் கடிதம் ஆகியவற்றை முன்பே எடுத்து வையுங்கள். வெளியூரில் வசித்துக்கொண்டு சொந்த ஊரில் கொடுப்பதானால், வசிக்கும் பங்கிலிருந்தும் கடிதம் வாங்குங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரை எழுதும்போது அருகில் நின்று எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். புதுநன்மைக்கும் (முதன்முறை நற்கருணை பெறுவது) பிறகு திருமணத்துக்கும் அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள்.

விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை திருச்சபைக்குள் வந்த நாளில் உறவினர் ஒன்றுகூடி உண்பது நல்ல வழக்கம். மகளுக்கு நாற்பது பேரோடு வீட்டு மாடியில் பந்தல் போட்டுச் சாப்பிட்டோம். தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பொட்டலம் தூத்துக்குடி மக்ரூன் கொடுத்தோம். ஐந்து வாரப் பச்சை உடம்போடு என் மனைவியை மேடையில் மூன்று மணி நேரம் உட்கார வைக்க வேண்டிய நிலை வரவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. மைத்துனர் அடுத்த விடுப்பில் வந்தபோது, பாப்பாவைப் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து இன்னொரு நாள் சாப்பிட்டோம். அவருக்கும் எந்த வருத்தமும் இல்லை.

திருமுழுக்கின்போது, உயிர்ப்புப் பெருவிழாவின் பெரிய பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்துத் தந்த மகனின் மெழுகுதிரி, அன்று மண்டபத்தில் பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே எங்கோ தொலைந்துபோனது. மகளுடையதை வெண்ணாடையோடு சேர்த்துச் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். முதலாம் ஆண்டு நாளில் ஞானத்தாய் வந்து அதை ஏற்றினார். மகனும் பக்கத்தில் நின்று, தன்னுடைய திரி எங்கே என்று கேட்டான்.

தம்பி இன்று காலை மறுபடியும் அழைத்தான். வருகிற சனிக்கிழமை பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறானாம். முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டைக்கு அளவு கேட்டு அம்மாவிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்.