பினாங்கு பாலத்துல ஒரு தியானம்

(சாயங்காலம் 7 மணி தாண்டியாச்சு. மலேசியாவோட பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிப்ட் முடிஞ்சு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற பட்டர்வொர்த் வீட்டுக்குப் போறா கோமதி. ஆப்ல புக் பண்ண காடி, ஓட்டுறவரு முனியாண்டி அண்ணன். பாலத்து மேல ஜாம், கடல்ல போற ஃபெர்ரி முந்திக்கும் போல.)

முனியாண்டி: என்ன தங்கச்சி, ஏறுனதுலேர்ந்து பெருமூச்சாவே இருக்கு. கண்ணாடில ஆவி படியுது பாருங்க.

கோமதி: லைன் டவுன் அண்ணே. மூணாம் நம்பர் மெஷின் காலையிலேர்ந்து படுத்துக்கிச்சு, டார்கெட் மட்டும் எந்திரிச்சு நிக்குது, சூப்பர்வைசர் வேற என்னமோ நான்தான் அதுக்கு தாலாட்டு பாடுன மாதிரி என்னையே பாக்குறாரு. ரெண்டாவது பாலத்துல போயிருக்கலாம்ல?

முனியாண்டி: அது 24 கிலோமீட்டர் லா, பத்து காவான்ங்குற ஊரு வழியா சுத்தி வரணும். இது 13.5 தான். 1985ல திறந்தப்போ எங்கப்பா என்னை தோள்ல தூக்கிட்டு வந்து காட்டுனாரு. அப்போ ஜாம் இல்ல, பாக்க வந்த கூட்டந்தான். சரி அத விடுங்க, இதுக்கெல்லாம் ஒரே மருந்து ஜபம். நான் தினம் பண்றேன், பிரஷர் மாத்திரையும் போடுறேன், அத நிறுத்தல, டாக்டர் திட்டுவாரு.

கோமதி: எங்க பண்ணுவீங்க, பூஜை ரூம்லயா?

முனியாண்டி: இங்கதான். சரவண… (பக்கத்து லேன்லேர்ந்து ஒரு ஆல்சா காரு மூக்கை நுழைக்குது) …டேய் சிக்னல் போட கை வலிக்குதாடா உனக்கு! …பவ.

கோமதி: ரொம்ப சாந்தமா இருக்கீங்க அண்ணே.

முனியாண்டி: ஜபம் இல்லன்னா இறங்கி சண்டை போட்டிருப்பேன் தங்கச்சி, இப்ப உள்ள உக்காந்தே திட்டுறேன், அது முன்னேற்றந்தான லா.

கோமதி: (சிரிச்சிட்டு) எங்க கம்பெனியிலயும் ஸ்ட்ரெஸ் டாக்குன்னு ஒன்னு வச்சாங்க, என்னோட ஆஃப் டேல, வரலன்னா எம்சி, அதான் டாக்டர் சீட்டு, காட்டணுமாம், அதுல ஸ்ட்ரெஸ் ஆனவங்கதான் ஜாஸ்தி. ஆனா வந்தவரு ஒரு விஷயம் சொன்னாரு. 2001ல இத்தாலியில ஆளுங்கள லத்தீன்ல மாதா ஜெபம் சொல்ல வச்சாங்களாம், பிறகு ஓம் மணி பத்மே மந்திரம் சொல்ல வச்சாங்களாம், ரெண்டுலயும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவை கிட்ட வந்துருச்சாம். நமக்கு சும்மா இருக்கும்போதே பன்னெண்டுலேர்ந்து இருபது வரைக்கும் ஓடும்.

முனியாண்டி: அப்ப மாதாவும் புத்தரும் ஒரே ஸ்பீட் லிமிட்டுலதான் போறாங்க.

கோமதி: விஷயம் மூச்சை வெளிய விடுறதுல இருக்காம் அண்ணே. வாய்விட்டு இழுத்து சொல்லும்போது விடுற மூச்சு நீளுது, உடனே நெஞ்சு துடிப்பு இறங்குது. இத நான் மூணாம் நம்பர் மெஷின்கிட்டதான் சொல்லணும்.

முனியாண்டி: எனக்கு இத்தாலி தெரியாது, நம்ம பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தெரியும். 513 படி. படிக்கு ஒரு எழுத்து, ச ர வ ண ப வ, ஆறு எழுத்துல ஏறுவேன். 85 ரவுண்டு முடிஞ்சா 510. மூணு படி மிச்சம் வரும்.

கோமதி: அதுக்கு?

முனியாண்டி: அப். பா. டா.

(கோமதி சிரிச்ச சிரிப்புல பின்னாடி மோட்டோக்காரன் திரும்பிப் பாக்குறான்.)

முனியாண்டி: சிரிக்காம நீங்களும் ஆரம்பிங்க. கண்ண மூடிக்கலாம். நான் மூடக் கூடாது, நீங்க மூடலாம்.

கோமதி: (கண்ண மூடி) ஓ… டி… அய்யோ ஓவர்டைம்தான் வருது அண்ணே.

முனியாண்டி: பரவால்ல, வரட்டும்.

கோமதி: 1975ல ஹார்வர்ட் டாக்டர் ஒருத்தரு, ஹெர்பர்ட் பென்சன், புக்கே போட்டாராம், எந்த வார்த்தையா இருந்தாலும் திரும்பத் திரும்ப சொன்னா உடம்பு இளகும்னு. அவரு 'ஒன்னு'ங்குற வார்த்தையவே குடுப்பாராம். அப்ப நான் 'சம்பளம்'னு சொல்லட்டா?

முனியாண்டி: சொல்லிப் பாருங்க.

கோமதி: சம்பளம்… சம்பளம்… காடி லோன்… இபிஎஃப்… வேணாம் அண்ணே, துடிப்பு ஏறுது. ஓம்னே வச்சுக்குறேன்.

முனியாண்டி: ம்-ஐ இழுங்க. மூக்குல அதிரணும், வண்டு மாதிரி.

கோமதி: ஓம்ம்ம்… அந்த மெஷின் வருது அண்ணே கண்ணு முன்னாடி. சிவப்பு லைட்டோட.

முனியாண்டி: விரட்டாதீங்க. வந்தா வந்துட்டுப் போகட்டும், நீங்க மந்திரத்துக்கு திரும்பி வாங்க. மனசு நூறு தடவை ஓடும், நூறு தடவை கூப்பிட்டுட்டு வர்றதுதான் வேலையே. மனசு காலியாகணும்னு எவன் சொன்னான், காலி ஆகுறது பேங்க் கணக்கு மட்டுந்தான். (கண்ணாடியில தொங்குற மாலைய தொட்டு) 108 மணி, எண்ண வேணாம், விரல் பாத்துக்கும்.

கோமதி: ஓம்ம்ம்ம்…

முனியாண்டி: ஓம்ம்ம்ம்ம்…

(ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. நல்லாவே ஒத்துப் போகுது. வழி காட்டுற போனு என்னமோ மலாய்ல சொல்லுது, அதுவும் இவங்க சுருதியில கரைஞ்சு போச்சு. ஜாம் எப்போ விட்டுச்சு, பாலம் எப்போ முடிஞ்சுச்சு, யாரும் கவனிக்கல.)

கோமதி: (மெல்ல கண்ண திறந்து) அண்ணே. தோள்பட்ட லேசா இருக்கு. நெசமாவே. அஞ்சு மணிநேரம் தூங்கி எழுந்த மாதிரி… அண்ணே, அந்த போர்டுல என்ன ஜூருன்னு போட்டிருக்கு?

முனியாண்டி: அலாமாக்! பிறை எக்சிட்ட விட்டுட்டேன், ஜூரு எதிர்ப்பக்கம் லா! தங்கச்சி சத்தியமா வேணும்னு பண்ணல, காசு கூட குடுக்க வேணாம், ஒரு ஸ்டார் மட்டும் போட்டுறாதீங்க, போன வாரமே ஒருத்தி போட்டுட்டா…

கோமதி: அண்ணே, மூச்ச விடுங்க. நீளமா.

முனியாண்டி: எங்க திரும்புறது, இருட்டுல ஒன்னும் தெரியலையே…

(கோமதி போன் அடிக்குது.)

கோமதி: ஆங் அம்மா. இல்லம்மா, சாப்பாடு எடுத்து வைக்காத, லேட்டாகும். ஜூருல இருக்கேன். கத்தாதம்மா, கடத்தல் எல்லாம் இல்ல. தியானம்.